கல்லில் ஒரு கைநாட்டு



நான் ஜங்லிகாட்டில் மாலை வகுப்பு நடத்தும் தொண்டர். நம் மையத்துக்கு மீன் விற்பவர்கள் வருகிறார்கள். படகு வேலை செய்பவர்கள் வருகிறார்கள். கட்டட வேலை செய்பவர்களும் வருகிறார்கள். பகல் முழுவதும் உழைத்துவிட்டு, இரவில் எழுத்தைப் பிடிக்கிறார்கள்.

அவர்களில் ஒருவர் கொத்தனார். நான் அவரை மாமா என்று கூப்பிடுவேன். அவர் மனைவி மீன் விற்கிறார். அவர் எனக்கு அத்தை. உறவுக்காரர்கள் அல்ல. ஒரே தெருக்காரர்கள். அவர்கள் இருவரோடும் நான் சென்னைக்குப் போய் வந்தேன். அங்கே ஒரு பெரிய கோயிலைப் பார்த்தோம். அந்தக் கதைதான் இந்தப் பாடம்.

கப்பல் பயணம்

அத்தைக்குக் கண்ணில் புரை விழுந்திருந்தது. அவருடைய அண்ணன் வீடு சென்னையில் இருக்கிறது. அங்கே தங்கிக் கண்ணைக் காட்டலாம் என்று முடிவு செய்தார்கள். எனக்கும் சென்னையில் ஒரு வேலை இருந்தது. மூவரும் சேர்ந்தே புறப்பட்டோம்.

ஹாடோ துறைமுகத்தில் கப்பல் ஏறினோம். சென்னைக்குக் கடல் வழி ஏறக்குறைய 1,200 கிலோமீட்டர். சுமார் 3 நாள் பயணம். துறைமுகத்தை விட்டு வெளியே வரும்போது ஒரு சிறு தீவு தெரிந்தது. அதுதான் ராஸ் தீவு. 2018 முதல் அதன் பெயர் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு.

மாமா அந்தத் தீவைக் கைகாட்டினார்.

"அங்க வெள்ளைக்காரன் கட்டின ஒரு சர்ச் இருக்கு, தம்பி. கூரை இல்ல. சுவர் மட்டும் நிக்குது. மரத்தோட வேர் சுவரைக் கட்டிப் பிடிச்சிருக்கு. எந்தக் கொத்தனார் கட்டினாரோ!"

அவர் சொன்னது உண்மை. 1858 முதல் ஆங்கிலேயர் ராஸ் தீவைத் தலைமை இடமாக வைத்திருந்தார்கள். 1941-இல் பெரிய நிலநடுக்கம் வந்தது. 1942-இல் ஜப்பானியப் படை வந்தது. பிறகு அங்கிருந்த கட்டடங்களைப் பராமரிக்க ஆள் இல்லை. மழையும் வேரும் தங்கள் வேலையைச் செய்தன.

"பராமரிக்கிற சர்ச் எப்படி இருக்கும்னு பார்க்கணும், மாமா. சென்னையில் சாந்தோம் கோயிலுக்குப் போகலாமா?" என்று கேட்டேன்.

மாமா தலையாட்டினார். அத்தை பேசவில்லை.

அன்று இரவு அத்தை என்னிடம் சொன்னார். பல வருடத்துக்கு முன்பு ஒருமுறை அவர் அந்தக் கோயில் வாசல் வரை போயிருக்கிறார். வாசலில் ஏதோ எழுதிய பலகை இருந்தது. உள்ளே போகலாமா, கூடாதா? காசு கேட்பார்களா? ஒன்றும் தெரியவில்லை. யாரிடமாவது கேட்கக் கூச்சம். வெயிலில் சிறிது நேரம் நின்றுவிட்டுத் திரும்பி வந்துவிட்டார்.

"யாரும் என்னை விரட்டல, தம்பி. அந்தப் பலகைதான் விரட்டிடுச்சு" என்றார்.

பலகையை வாசித்தார் அத்தை

கண் மருத்துவம் நல்லபடியாக முடிந்தது. சில நாள் ஓய்வு எடுத்தார் அத்தை. ஊர் திரும்பும் முன் சாந்தோமுக்குப் போனோம்.

மெரினா கடற்கரைச் சாலையில் தெற்கே போனால் சாந்தோம் வரும். தூரத்திலேயே வெள்ளைக் கோபுரம் தெரிந்தது. ஊசி போல மேலே கூர்ந்து நின்றது. அதன் உயரம் 155 அடி.

வாசலில் பலகை இருந்தது. அத்தை அதன் முன் நின்றார். ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டினார்.

"அ... மை... தி. அமைதி. கா... க்க... வும். அமைதி காக்கவும்!"

என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"இவ்வளவுதானா? இதுக்கா அன்னிக்குத் திரும்பிப் போனேன்?"

சிரித்தார். பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்தார். கண்ணைத் தேய்க்கக் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். நான் நினைவுபடுத்தினேன். மூவரும் உள்ளே போனோம்.

இது என்ன கோயில்?

இயேசுவின் சீடர்களில் ஒருவர் தோமா. அவர் கடல் கடந்து இந்தியா வந்தார், மயிலாப்பூரில் அடக்கம் செய்யப்பட்டார் என்பது கிறித்தவர்களின் நம்பிக்கை. அந்த இடத்தில் 16-ஆம் நூற்றாண்டில் போர்ச்சுக்கீசியர் ஒரு கோயில் கட்டினார்கள். அவர்கள் மொழியில் 'சாவோ தோமே' என்றால் புனித தோமா. அதிலிருந்துதான் சாந்தோம் என்ற பெயர் வந்தது.

1606-இல் இது பேராலயம் ஆனது. பேராலயம் என்றால் என்ன? ஒரு பகுதியில் உள்ள பல கோயில்களுக்குத் தலைவராக ஓர் ஆயர் இருப்பார். அவருடைய இருக்கை உள்ள கோயிலே பேராலயம்.

இப்போது நாம் பார்ப்பது பழைய கோயில் அல்ல. 1893-இல் பழைய கட்டடத்தை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டத் தொடங்கினார்கள். 1896-இல் வேலை முடிந்தது. 1956-இல் இதற்குப் 'பசிலிக்கா' என்ற சிறப்புப் பட்டம் கிடைத்தது.

இந்தக் கட்டட முறைக்குக் கோதிக் முறை என்று பெயர். இது ஐரோப்பாவில் பிறந்தது. சுமார் 880 ஆண்டுகளுக்கு முன்பு, பிரான்சு நாட்டில் பாரிஸ் நகரை ஒட்டிய பகுதியில் தொடங்கியது. அதைப் பார்த்துப் பல நாடுகளில் கட்டினார்கள். சாந்தோம் கோயிலும் அந்த முறையைப் பின்பற்றிக் கட்டியதுதான்.

'கோதிக்' என்பது முதலில் பாராட்டுச் சொல் அல்ல. கோத்துகள் என்பவர்கள் ஒரு பழைய இனத்தவர். பிற்காலத்தில் இத்தாலி நாட்டார் சிலர், "இது நாகரிகம் இல்லாத கோத்துகளின் வேலை" என்று கேலி செய்தார்கள். கேலிப் பெயரே நிலைத்துவிட்டது. இன்று அதே பெயரைச் சொல்லி உலகமே வியக்கிறது.

இதைச் சொன்னதும் அத்தை கேட்டார்: "நம்ம ஊர்ப் பேர்லயும் 'ஜங்லி' இருக்கே?"

ஆமாம். இந்தியில் 'ஜங்லி' என்றால் காட்டைச் சேர்ந்தது. நாகரிகம் தெரியாதவர் என்று திட்டவும் அந்தச் சொல்லைப் பயன்படுத்துவார்கள். 'காட்' என்றால் படித்துறை. பெயரைப் பார்த்து ஊரையும் எடை போட முடியாது. வேலையையும் எடை போட முடியாது.

கொத்தனார் படித்த பாடம்

மாமா எங்கள் பேச்சைக் கேட்கவில்லை. அவர் மேலே பார்த்துக்கொண்டே நின்றார். கழுத்து வலித்திருக்கும்.

"தம்பி, இந்த வளைவைப் பாருங்க. உச்சி கூர்மையா இருக்கு. நாங்க போடற அரை வட்ட ஆர்ச் இல்ல இது."

அவர் இரண்டு கைகளையும் எடுத்து வணக்கம் சொல்வதுபோல் வைத்தார். விரல் நுனிகளை மட்டும் சேர்த்து வைத்து, உள்ளங்கைகளைப் பிரித்தார்.

"இதுதான் அந்த வளைவு."

நான் அவரிடம் கேட்டேன்: "கூர்மையாக வைத்தால் என்ன லாபம், மாமா?"

மாமா விளக்கினார். அவர் சொன்னதை என் சொற்களில் தருகிறேன்.

ஒரு வளைவின் மேல் பாரம் ஏற்றினால் என்ன ஆகும்? பாரம் கீழே மட்டும் இறங்காது. வளைவின் இரண்டு கால்களையும் வெளிப்பக்கம் தள்ளும். இரண்டு பேர் முதுகோடு முதுகு சாய்ந்து நிற்பதை நினைத்துப் பாருங்கள். கால்களைத் தள்ளி வைத்துச் சாய்ந்தால் கால் வழுக்கும். நிமிர்ந்து நின்றால் அவ்வளவு வழுக்காது. கூரிய வளைவு நிமிர்ந்து நிற்பவரைப் போன்றது. பாரத்தை அதிகம் கீழ்நோக்கி இறக்கும். பக்கவாட்டுத் தள்ளல் குறையும்.

தள்ளல் குறையும். ஆனால் முழுவதும் போகாது. மீதித் தள்ளலுக்கு என்ன செய்வது? மாமா எங்களை வெளியே அழைத்துப் போய்க் காட்டினார். வெளிச் சுவரில் இடைவெளி விட்டு விட்டுத் தடித்த முட்டுச் சுவர்கள் இருந்தன.

"பந்தல் சாயாம இருக்க வெளியில இருந்து கம்பு முட்டுக் கொடுப்போம்ல? அதே வேலைதான்."

ஐரோப்பாவின் பெரிய பேராலயங்களில் இந்த முட்டு இன்னும் வியப்பாக இருக்கும். முட்டுச் சுவர் தள்ளி நிற்கும். அதிலிருந்து ஒரு கல் கை எழும்பி வந்து, உயரமான சுவரைத் தாங்கும்.

இப்படிச் செய்ததால் ஒரு பெரிய நன்மை கிடைத்தது. பாரம் தூண்கள் வழியாகவும் முட்டுகள் வழியாகவும் தரைக்குப் போய்விடும். நடுவில் உள்ள சுவருக்கு வேலை குறைவு. ஆகவே அந்தச் சுவரைத் திறந்து பெரிய பெரிய சன்னல்கள் வைக்கலாம். கோயிலுக்குள் வெளிச்சம் வரும்.

"ஆனா ஒண்ணு, தம்பி," என்றார் மாமா. "நம்ம தீவுல பூமி அடிக்கடி ஆடும். 2004-ல பட்டது போதும். கல்லு மேல கல்லு அடுக்கினா மட்டும் அங்க பத்தாது. கம்பி போட்டு இறுக்கிக் கட்டணும். ஊருக்குத் தகுந்த வீடு."

இதை மாமா எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. முப்பது வருடம் கரண்டி பிடித்த கை அவருக்குச் சொல்லிக் கொடுத்தது.

வண்ணக் கண்ணாடி

நாங்கள் மறுபடி உள்ளே வந்தோம். பலிபீடத்துக்குப் பின்னால் வண்ணக் கண்ணாடி சன்னல் இருந்தது. வெயில் பட்டு நீலமும் சிவப்பும் மின்னின. அத்தை இப்போது தெளிந்த கண்ணால் பார்த்தார்.

"ஒருத்தர் நிக்கிறார். இன்னொருத்தர் கிட்ட வர்றார். என்ன கதை அது?"

அது தோமாவின் கதை. இறந்த இயேசு உயிரோடு எழுந்தார் என்று மற்றவர்கள் சொன்னார்கள். தோமா நம்பவில்லை. "நானே பார்த்து, தொட்டால்தான் நம்புவேன்" என்றார். பிறகு பார்த்தார். நம்பினார்.

"சொல்றதைக் கேட்டு உடனே தலையாட்டாம, தானே பார்க்கணும்னு சொன்னாரா? நல்ல ஆளுதான்" என்றார் அத்தை.

இந்த வண்ணக் கண்ணாடியை எப்படிச் செய்வார்கள்? கண்ணாடியை உருக்கும்போதே உலோகப் பொருள்களைச் சேர்ப்பார்கள். கோபால்ட் சேர்த்தால் நீலம் வரும். செம்பு சேர்த்துச் சிவப்பு வரவழைப்பார்கள். ஆறிய கண்ணாடியைத் துண்டு துண்டாக வெட்டுவார்கள். துண்டுகளை ஈயப் பட்டையால் இணைப்பார்கள். அப்போது படம் உருவாகும்.

பழைய ஐரோப்பாவில் பெரும்பாலான மக்களுக்கு எழுத்துத் தெரியாது. அச்சுப் புத்தகமும் அப்போது இல்லை. அவர்கள் சன்னலில் உள்ள படங்களைப் பார்த்தே கதைகளைத் தெரிந்துகொண்டார்கள்.

பெயர் இல்லாதவர்கள்

"இதைக் கட்டினது யாரு?" என்று மாமா கேட்டார்.

நான் படித்த நூலில் ஒரு பெயர் இருந்தது. கேப்டன் பவர் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் இதற்கு வரைபடம் போட்டவர்.

"கொத்தனார்?"

அந்த நூலில் கொத்தனார்கள் பெயர் இல்லை. தச்சர்கள் பெயர் இல்லை. சாரம் கட்டியவர்கள் பெயர் இல்லை. கல்லும் சுண்ணாம்பும் சுமந்த சித்தாள்கள் பெயரும் இல்லை.

மாமா ஒன்றும் சொல்லவில்லை. தூணைத் தடவிப் பார்த்தார்.

அப்போது நான் அவருக்கு ஒரு செய்தி சொன்னேன். ஐரோப்பாவின் பழைய பேராலயக் கற்களில் சின்னச் சின்னக் குறிகள் இருக்கின்றன. ஒரு அம்புக்குறி. ஒரு நட்சத்திரம். இரண்டு கோடுகளும் ஒரு வளைவும். கல் கொத்தியவர்கள் தங்கள் கல்லில் போட்ட குறிகள் அவை. பல இடங்களில் அவை கூலிக் கணக்குக்காகப் போட்டவை என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். "இது நான் செதுக்கிய கல். இதற்கு எனக்குக் கூலி" என்று பொருள்.

மாமாவின் முகம் மாறியது.

"அது கைநாட்டு, தம்பி. கல்லுல வச்ச கைநாட்டு."

பிறகு அவர் தன் கதையைச் சொன்னார். பல வருடம் அவர் கூலிப் பதிவேட்டில் கட்டைவிரல் வைத்திருக்கிறார். அதில் எத்தனை நாள் எழுதியிருந்தது என்று அவருக்குத் தெரியாது. கொடுத்த காசை வாங்கிக்கொண்டு வருவார். படிக்கத் தொடங்கிய பிறகு ஒரு சனிக்கிழமை, பதிவேட்டைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தார். 6 நாள் வேலைக்கு 5 நாள் என்று எழுதியிருந்தது. விரலை வைத்துக் காட்டினார். கணக்கு எழுதியவர் திருத்திக் கொடுத்தார்.

"அன்னிக்கு அஞ்சு, ஆறானது. முன்னால எத்தனை ஆறு, அஞ்சாச்சோ!"

அன்று முதல் அவர் சட்டைப் பையில் ஒரு சிறு நோட்டு இருக்கிறது. நாள், இடம், வேலை மூன்றையும் அதில் எழுதுகிறார்.

எரிந்து எழுந்த பேராலயம்

கோதிக் முறைப் பேராலயங்களில் உலகப் புகழ் பெற்றது பாரிஸ் நகரில் இருக்கிறது. பாரிஸ் பிரான்சு நாட்டின் தலைநகர். கோயிலின் பெயர் நோத்ர தாம். 'நம் அன்னை' என்று பொருள்.

அதை 1163-இல் கட்டத் தொடங்கினார்கள். பெரும்பகுதி முடிய ஏறக்குறைய 180 ஆண்டுகள் ஆயின. அடித்தளம் போட்ட கொத்தனார் முழுக் கோயிலைப் பார்க்கவில்லை. அவர் பேரனும் பார்க்கவில்லை. ஆனாலும் அவரவர் பங்கை ஒழுங்காகச் செய்தார்கள்.

2019 ஏப்ரல் 15 மாலை அந்தக் கோயிலில் தீப்பிடித்தது. மரத்தால் ஆன கூரை எரிந்தது. உயரமான ஊசிக் கோபுரம் முறிந்து விழுந்தது. நெருப்பணைப்பு வீரர்கள் இரவெல்லாம் போராடினார்கள். முகப்பில் உள்ள இரண்டு கல் கோபுரங்களும் தப்பின. உயிர்ச் சேதம் இல்லை.

மறுபடி கட்ட ஏறத்தாழ 2,000 ஓக் மரங்களை வெட்டினார்கள். இன்று எந்திரங்கள் இருக்கின்றன. ஆனாலும் கூரை உத்திரங்கள் பலவற்றைத் தச்சர்கள் கோடரியால் செதுக்கினார்கள். பழைய முறையிலேயே செய்தார்கள். அந்தக் கைவேலை தெரிந்தவர்கள் இன்னும் இருந்ததால் அது முடிந்தது. 2024 டிசம்பரில் கோயிலை மறுபடி திறந்தார்கள்.

இதைக் கேட்ட மாமா சொன்னார்: "வேலை தெரிஞ்ச ஆள் இருந்தா, விழுந்தது எழுந்திரிக்கும். ராஸ் தீவுல ஆள் இல்ல."

ஊர் திரும்பிய பிறகு

கப்பலில் திரும்பும்போது அத்தை எல்லாப் பலகைகளையும் வாசித்தார். "இங்கே எச்சில் துப்பாதீர்." "உயிர் காக்கும் மிதவை." "அவசர வழி." வாசித்துவிட்டு மாமாவுக்கும் சொல்லிக்கொண்டே வந்தார்.

சில வாரம் கழித்து ஜங்லிகாட்டில் ஒரு வீட்டு வேலை நடந்தது. மாமாதான் கொத்தனார். கடைசி நாள் வாசல்படிக்குச் சிமெண்டு பூசினார். பூசி முடித்ததும் காயும் முன்னே ஒரு ஆணியை எடுத்தார். படியின் ஓரத்தில் மெதுவாக எழுதினார். முதலில் தேதி. அடுத்துத் தன் பெயர். அதற்குக் கீழே, கலவை எடுத்துக் கொடுத்த சித்தாளின் பெயர்.

வீட்டுக்காரர் பார்த்தார்.

"என்ன மேஸ்திரி இது?"

"கட்டினவங்க பேரு, ஐயா. வேணாம்னா பூசி அழிச்சிடறேன்."

வீட்டுக்காரர் குனிந்து வாசித்தார்.

"இருக்கட்டும்" என்றார்.

எழுத்து கொஞ்சம் கோணல்தான். ஆனால் நன்றாக வாசிக்க முடிகிறது. நான் அந்த வழியாகப் போகும்போதெல்லாம் பார்க்கிறேன்.

சொல் அறிவோம்

பேராலயம் - ஆயரின் இருக்கை உள்ள கோயில்
முட்டுச் சுவர் - வெளியே இருந்து தாங்கும் தடித்த சுவர்
சாரம் - உயரத்தில் நின்று வேலை செய்யக் கட்டும் மரக்கட்டு
கைநாட்டு - கையெழுத்துக்குப் பதில் வைக்கும் கட்டைவிரல் பதிவு
பதிவேடு - நாள், கூலி முதலியவற்றை எழுதும் ஏடு

செய்து பார்ப்போம்

இரண்டு சிலேட்டுகளை எடுங்கள். ஒன்றோடு ஒன்று சாய்த்து நிறுத்துங்கள். அடிப்பக்கத்தை அதிகமாக விலக்குங்கள். என்ன ஆகிறது? இப்போது அடிப்பக்கத்தை நெருக்கி வையுங்கள். மறுபடி விலக்கி, இரண்டு பக்கமும் ஒரு செங்கல் வையுங்கள். செங்கல் என்ன வேலை செய்கிறது?

கணக்கிடுவோம்

1. சாந்தோம் பேராலயத்தின் இப்போதைய கட்டடம் 1896-இல் முடிந்தது. இன்று அதன் வயது என்ன?
2. நோத்ர தாம் 2019-இல் எரிந்தது. 2024-இல் திறந்தது. ஏறத்தாழ எத்தனை ஆண்டுகள் ஆயின?

எண்ணிப் பார்ப்போம், எழுதுவோம்

1. அத்தை முதல்முறை கோயிலுக்குள் ஏன் போகவில்லை? உங்களையும் ஒரு பலகை திருப்பி அனுப்பியது உண்டா?
2. உங்கள் தெருவில் உள்ள பழைய கட்டடம் எது? அதில் வேலை செய்தவர் யாராவது இருக்கிறார்களா? அவரிடம் கேட்டு, அவர் பெயரையும் வேலையையும் 5 வரியில் எழுதுங்கள்.
3. இந்த வாரம் நீங்கள் வேலை செய்த நாட்களை ஒரு நோட்டில் எழுதுங்கள். கீழே உங்கள் கையெழுத்தைப் போடுங்கள்.